எனக்கு பாசிட்டிவ், தம்பிக்கு நெகட்டிவ்

எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சுருக்கித் திருத்தியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.

இந்த எபிசோட் ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கணும். மூணு தடவை ரெக்கார்ட் பண்ணி மூணு தடவையும் டிலீட் பண்ணேன். விஷயம் புரியாம இல்லை. இதுல நான் பண்ண ஒரு தப்பு இருக்கு, அதைச் சொல்லாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது. என் சித்தப்பா பையன்கிட்ட கேட்டேன். "பேரை மட்டும் விட்டுடுண்ணா, மத்ததெல்லாம் சொல்லு" என்றான். அதனால இன்னிக்கு அவன் வெறும் "தம்பி".

இன்னிக்குப் பேசப்போறது ஒரு ஜீன் பத்தி. பேர் எம்.ஒய்.பி.பி.சி.3. வைஃபை பாஸ்வேர்டு மாதிரி இருக்கு, தெரியும். நம்ம எல்லாருக்கும் அது இருக்கு, 11ஆவது குரோமோசோமில். அது ஒரு புரோட்டீனைச் செய்யச் சொல்லுது. அந்தப் புரோட்டீன் நம்ம இதயத் தசைக்குள்ள உட்கார்ந்து ஒவ்வொரு துடிப்பையும் அளந்து விடுது. அது என்ன பண்ணுது, அதுல ஒரு சின்னத் துண்டு காணாமப்போனா என்ன ஆகும், அதைப்பத்தி ஒரு பிடிஎஃப் சொல்றதை எவ்வளவு தூரம் நம்பலாம். இதுதான் விஷயம்.

சிவப்புக் கட்டம்

ஆறு வருஷம் முன்னாடி என் சித்தப்பா போயிட்டார். வயசு 43. காலையில ஷட்டில் கோர்ட்டில் ரெண்டாவது கேம் ஆடும்போது சரிஞ்சு விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. சுகர் இல்லை, பி.பி. இல்லை, சிகரெட் இல்லை. "ஹார்ட் அட்டாக்" என்று எல்லாரும் சொன்னாங்க, நாங்களும் அதையே சொன்னோம். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்னு வீட்டில் முடிவு பண்ணிட்டாங்க. அந்த நேரத்துல யாருக்கு அதைப்பத்தி யோசிக்கத் தோணும்?

போன வருஷம் தீபாவளி ஆஃபர்ல எங்க ஆஃபீஸ்ல பாதிப்பேர் ஒரு ஜீன் டெஸ்ட் கிட் வாங்கினோம். ஒரு ட்யூபில் எச்சில் துப்பி அனுப்பினா, ஒரு மாசத்துல பிடிஎஃப் வரும். எனக்கு வந்த பிடிஎஃப்ல முக்கால்வாசி பொழுதுபோக்கு: காபி ஒத்துக்குமா, பால் ஒத்துக்குமா, முடி கொட்டுமா. 14ஆம் பக்கத்துல ஒரு சிவப்புக் கட்டம். "எம்.ஒய்.பி.பி.சி.3, 25 எழுத்து நீக்கம்: பாசிட்டிவ். இதயச் செயலிழப்பு ஆபத்து: சுமார் 7 மடங்கு."

சித்தப்பா முகம்தான் முதல்ல ஞாபகத்துக்கு வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு இடது நெஞ்சுல கை வெச்சுப் படுத்துட்டு, துடிப்பை எண்ணிட்டு இருந்தேன். எண்ண எண்ண அது வேகமாத்தான் ஆகும், அது வேற விஷயம்.

அடுத்த நாள் நான் பண்ணதுதான் அந்தத் தப்பு. சித்தப்பாகிட்ட இருந்த ஏதோ ஒண்ணுதான் எனக்கும் வந்திருக்குன்னு நானே முடிவு கட்டினேன். தம்பிக்கும் அதே கிட்டை ஆர்டர் பண்ணேன். அவனுக்கு 23 வயசு, ஞாயிற்றுக்கிழமை தவறாம ஃபுட்பால் ஆடுறவன். அப்பா போனதிலிருந்து சித்தி அவனை வேகமா ஓட விடுறதே இல்லை.

அவன் ரிசல்ட் பச்சைக் கட்டம். நெகட்டிவ்.

அன்னிக்கு சித்தி பாயசம் வெச்சாங்க. ஆறு வருஷத்துல அவங்க குரல் அவ்வளவு லேசா இருந்து நான் கேட்டதில்லை. "எங்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைடா, நீதான்டா கண்டுபிடிச்சுக் கொடுத்தே." தம்பி ஜிம்ல சேர்ந்தான். நானும் பெருமைப்பட்டேன். இந்தப் பாயசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

முட்டுக்கட்டை போடுறவர்

முதல்ல இந்தப் புரோட்டீன் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். எங்க குடும்பத்துக்கு திருவாரூர் பக்கம். அதனால எனக்குத் தெரிஞ்ச உதாரணம் தேர்தான்.

இதயத் தசை செல்லுக்குள்ள சார்கோமியர் என்கிற குட்டிக்குட்டி அலகுகள் வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணும் சுமார் ரெண்டு மைக்ரான் நீளம். அதுக்குள்ள மெல்லிசா ஒரு இழை, அதுதான் ஆக்டின். அதை வடம்னு வெச்சுக்கோங்க. தடிமனா இன்னொரு இழை, மயோசின். அதிலிருந்து நூத்துக்கணக்கான கைகள் நீட்டிக்கிட்டு இருக்கும். கைகள் வடத்தைப் பிடிச்சு இழுத்தா தசை சுருங்கும். விட்டா தளரும். சுருங்கித் தளர்வதுதான் ஒரு துடிப்பு. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை.

தேரோட்டம் பார்த்தவங்களுக்குத் தெரியும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருப்பாங்க. ஆனா எல்லார் உயிரும் இருக்கிறது சக்கரத்துக்குப் பக்கத்துல ஓடுற சில பேர் கையில். அவங்கதான் முட்டுக்கட்டை போடுறவங்க. தேர் வேகம் எடுத்தா, சரியான நொடியில கட்டையைச் சக்கரத்துக்கு அடியில கொடுப்பாங்க. தேர் திரும்பணும்னா எந்தப் பக்கம் கட்டை, எந்தக் கோணத்துல கட்டை என்பதும் அவங்க கணக்கு. நம்ம பேச்சு வழக்குல "முட்டுக்கட்டை போடாதே" என்றால் திட்டு. தேர்கிட்ட போய் நின்னு பார்த்தா, முட்டுக்கட்டை இல்லாம தேரே இல்லை. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே வந்துடுச்சு, அப்பவும் கட்டை போடுறவங்க கூட ஓடுறாங்க.

நம்ம புரோட்டீன் அந்த ஆள். முழுப்பேர் கார்டியாக் மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி. மயோசினைப் பிடிச்சுக்கிற புரோட்டீன், அவ்வளவுதான் அர்த்தம். மொத்தம் 1,274 அமினோ அமிலங்கள். 11 மணி கோத்த மாலை மாதிரி அமைப்பு. மணிகளுக்கு சி0 முதல் சி10 வரை பேர். சி10 முனை தடித்த இழையில் இறுக்கமா ஒட்டிக்கும். சி0 பக்கத்து முனை கொஞ்சம் சுதந்திரமா ஆடி, மயோசின் கைகளின் கழுத்தையும் தொடும், வடத்தையும் தொடும்.

சும்மா இருக்கும்போது, மயோசின் கைகளில் ஒரு பகுதியை அது மடக்கி உட்கார வெச்சிருக்கும். எல்லாரும் எப்பவும் இழுக்க வேண்டாம், கொஞ்ச பேர் ஓய்வு எடுங்கன்னு. நீங்க மெட்ரோ பிடிக்கப் படியில் ஓடுறீங்க, அட்ரினலின் வருது. அது கிளப்பிவிடுற என்சைம் ஒண்ணு இந்தப் புரோட்டீன் மேல பாஸ்பேட் ஒட்டும். உடனே பிடி தளரும். உட்கார்ந்திருந்த கைகளும் எழுந்து இழுக்கும். இதயம் பலமா அடிக்கும், அடிச்சவுடனே சட்டுன்னு தளரவும் செய்யும். ஓடி முடிச்சா பாஸ்பேட் கழட்டப்படும், மறுபடி பிடி. முட்டுக்கட்டை மாதிரியேதான், பிரேக்கும் அதுதான், ஸ்டியரிங்கும் அதுதான்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1970களின் தொடக்கத்துல லண்டன் கிங்ஸ் காலேஜ்ல ஜெரால்ட் ஆஃபர் என்கிற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் மயோசினைச் சுத்தமாப் பிரிச்சு எடுக்கப் பார்த்தாங்க. எவ்வளவு கழுவினாலும் கூடவே சில அழுக்குப் புரோட்டீன்கள் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஜெல்லில் ஓட்டிப் பார்த்து, அந்தக் கோடுகளுக்கு ஏ, பி, சி என்று பேர் வெச்சாங்க. அதுல சி என்கிற அழுக்குதான் இது. விடாம ஒட்டிக்கிட்டு வருதுன்னா அதுக்கு அங்க ஏதோ வேலை இருக்குன்னு யோசிச்சாங்க. லாக்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு வரியை எரிச்சலோட ஃபில்டர் பண்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதுல ஒரு பாடம் இருக்கு.

பேர் வெச்சு இருபது வருஷம் கழிச்சுதான் இதுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெரிஞ்சுது. 1995இல் பாரீஸ் குழு ஒண்ணும் பாஸ்டன் குழு ஒண்ணும் ஒரே சமயத்துல காட்டினாங்க: இந்த ஜீனில் கோளாறு இருக்கிற குடும்பங்களில் இதயச் சுவர் தடிச்சுப்போற நோய் வருது. அதுக்கு ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று பேர். சுமார் 500 பேரில் ஒருத்தருக்கு இருக்கிற நோய். அரிதே இல்லை.

பெரும்பாலான குடும்பங்களில் நடக்கிறது இதுதான். ஒரு காப்பி அம்மாகிட்ட இருந்து, ஒரு காப்பி அப்பாகிட்ட இருந்து. ஒரு காப்பியில் கோளாறு இருந்தா, அதிலிருந்து வர்ற புரோட்டீன் பாதியில் அறுந்து, செல் அதைக் குப்பையில் போட்டுடும். கட்டை போடுற ஆள் எண்ணிக்கை குறையும். உட்கார வேண்டிய கைகளும் எழுந்து இழுக்கும். இதயம் தேவைக்கு மேல பலமா சுருங்கும், ஆனா சரியா தளராது. வருஷக்கணக்குல இப்படியே போனா சுவர் தடிக்கும், தசை நார்கள் ஒழுங்கு கலையும், சில பேருக்கு மின்னோட்டம் தடுமாறும். விளையாடும்போது திடீர்னு விழுற இளைஞர்கள் பத்தின செய்திகளில் சிலதுக்குப் பின்னாடி இந்த நோய் இருக்கு. ஒரு தகவல்: மெய்ன் கூன் பூனைகளுக்கும் இதே ஜீனில் கோளாறு வந்து இதே நோய் வருது. பூனை வெச்சிருக்கிறவங்க குறிச்சுக்கோங்க.

அந்த 25 எழுத்து

இப்ப என் சிவப்புக் கட்டத்துக்கு வரேன். என்கிட்ட காணாமப்போனது 25 எழுத்து. அதுவும் புரோட்டீனுக்கான வாக்கியத்துல இல்லை, நடுவுல வர்ற இன்ட்ரான்ல, 32ஆவது இன்ட்ரான். செல் புரோட்டீன் செய்றதுக்கு முன்னாடி இன்ட்ரான்களை வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தை ஒட்டும். நான் படிச்ச உடனே, "சரி, கோட்ல கமென்ட் மாதிரி, போனா என்ன?" என்று நினைச்சேன். தப்பு. இது பில்ட் டூல் படிக்கிற கமென்ட். எங்க வெட்டணும் என்கிற குறிப்பே அதுக்குள்ளதான் இருக்கு. அந்த 25 எழுத்து போனா வெட்டுற இடம் குழம்பி, சில சமயம் அடுத்த எக்ஸானும் சேர்ந்து போயிடும். விளைவு, சி10 முனை மாறின ஒரு புரோட்டீன். தடித்த இழையில் இறுக்கமா ஒட்ட வேண்டிய அதே முனை.

இந்த நீக்கம் 2003இல் ரெண்டு இந்தியக் குடும்பங்களில் முதன்முதலா பதிவாச்சு. 2009இல் பெரிய ஆய்வு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ் உள்ளிட்ட ஒரு பெரிய கூட்டணி, நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளியிட்டது. இதயத் தசை நோயாளிகளிடமும் நோய் இல்லாதவர்களிடமும் இந்த நீக்கத்தைத் தேடினாங்க. நோயாளிகளிடம் அது பல மடங்கு அதிகம். கணக்குப்படி ஆட்ஸ் ரேஷியோ சுமார் 7. அப்புறம் நாடு முழுக்கப் பல சமூகங்களில் பார்த்தாங்க. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இது இருக்கு. மத்த கண்டங்களில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இந்தத் துணைக்கண்டத்துல சுமார் 33,000 வருஷம் முன்னாடி ஒருத்தர்கிட்ட தோன்றியிருக்கலாம்னு கணிச்சாங்க. அந்த ஒருத்தரோட பேரன் பேத்திகள்ல நானும் ஒருத்தன்.

என் பிடிஎஃப்ல இருந்த "7 மடங்கு" இங்கிருந்து வந்ததுதான். பொய் இல்லை. ஆனா அதைப் படிச்ச ராத்திரியே நான் ஒரு சின்ன பெருக்கல் போட்டிருக்கணும். நானெல்லாம் இன்ஜினியர்!

போடலாம் வாங்க. 140 கோடியில் 4 சதவீதம், 5 கோடியே 60 லட்சம் பேர். 500இல் ஒருத்தர் கணக்குல ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி இருக்கிறவங்க 28 லட்சம். அந்த 28 லட்சம் பேருமே இந்த நீக்கம் உள்ளவங்கன்னு வெச்சுக்கிட்டாக்கூட, அது உள்ளவங்களில் 20இல் ஒருத்தருக்குத்தான் நோய். மிச்சம் 19 பேர் அது இருக்கிறதே தெரியாம டீக்கடையில் நிக்கிறாங்க. அது மட்டும் நேரடிக் காரணமா இருந்தா இப்படி இருக்காதே? வேற ஏதோ ஒண்ணு நடுவுல இருக்கணும்.

அந்த ஏதோ ஒண்ணைத்தான் அடுத்த பத்து வருஷம் தேடினாங்க. 2018இல் அமெரிக்காவில் வாழும் தெற்காசியர் 2,401 பேரை எடுத்து ஒரு ஆய்வு ஜாமா கார்டியாலஜியில் வந்தது. அதை நடத்திய குழுவில் சக்திவேல் சடையப்பன், இந்தப் புரோட்டீனைப் பல வருஷமா ஆராயுறவர். இந்த நீக்கம் உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருத்தருக்கு, அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் கூடவே இருந்துச்சு. 389ஆவது இடத்துல ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும், டி389வி என்று பேர். அந்த ரெண்டும் சேர்ந்து இருந்தவங்களோட இதயம்தான் தேவைக்கு மேல பலமா சுருங்கிட்டு இருந்துச்சு. 2020இல் இன்னொரு ஆய்வு. நோய் வந்தவர்களில், அதே டி.என்.ஏ. துண்டுல வேற ஒரு இன்ட்ரானில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. அதுவும் வெட்டுற இடத்தைக் கெடுக்கிற வகை. நோய் ஆபத்தின் பெரும்பகுதி அந்த எழுத்தோடதான் போச்சு. அதைக் கழிச்சுட்டுப் பார்த்தா, 25 எழுத்து நீக்கத்து மேல இருந்த பழி ரொம்பவே குறைஞ்சுடுச்சு.

எளிமையா சொல்றேன். ஒரு பஸ். அதுல ஒரு ஜேப்படிக்காரன் ஏறியிருக்கான். அவன்கூட அதே பஸ்ல 40 பேர். பர்ஸ் காணாமப்போற இடத்துல எல்லாம் அந்த பஸ் நின்னிருக்கு. பஸ்ஸைச் சந்தேகப்பட்டது சரிதான், அந்தத் தடம் இல்லாம திருடனைப் பிடிச்சிருக்க முடியாது. அதுக்காக அந்த ரூட்ல வர்ற எல்லா பஸ்ஸிலும் எல்லாப் பயணியும் திருடன் இல்லை. டி.என்.ஏ. துண்டு துண்டாத்தான் தலைமுறை தாண்டுது. பக்கத்துல பக்கத்துல இருக்கிற மாற்றங்கள் ஒண்ணா பயணம் பண்ணும். 2009 ஆய்வு பஸ்ஸைக் காட்டுச்சு. அடுத்து வந்ததெல்லாம் உள்ளே ஏறி டிக்கெட் செக் பண்ணின ஆய்வுகள். ஒண்ணை ஒண்ணு பொய்யாக்கலை.

என் பிடிஎஃப் 2009இலேயே நின்னுடுச்சு. அதான் என் கோபம்.

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறமும் எனக்குத் தைரியம் வரலை. ஒரு கார்டியாலஜிஸ்டைப் போய்ப் பார்த்தேன். 14 பக்க பிரிண்ட்அவுட், ஆய்வுக் கட்டுரைகள், நான் போட்ட எக்செல் ஷீட் எல்லாத்தோடயும். அவங்க பிரிண்ட்அவுட்டை ஓரமா வெச்சுட்டு, "வீட்டில் யாராவது 50 வயசுக்கு முன்னாடி திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டாங்க.

சித்தப்பா பத்திச் சொன்னேன். தம்பிக்கும் டெஸ்ட் பண்ணியாச்சு, அவனுக்கு நெகட்டிவ், அவனுக்குப் பிரச்சினை இல்லை, எனக்குத்தான் என்று வேகமா சொல்லி முடிச்சேன்.

அவங்க பேனாவை வெச்சாங்க. "உங்களுக்கு எக்கோ எடுக்கலாம், அவசரம் இல்லை. அந்தப் பையனுக்கு எக்கோ எடுத்தாச்சா?"

இல்லை.

"இந்த ஜீனில் நோய் வரவைக்கிற மாற்றங்கள் நூத்துக்கணக்குல இருக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒண்ணு. இந்த கிட் அதுல ஒரே ஒண்ணைத்தான் தேடியிருக்கு. இது மாதிரி நோய்க்கு இந்த ஜீன் மட்டும் காரணமும் இல்லை. ஒரு சாவி பொருந்தலைன்னா வீட்டுக்குக் கதவே இல்லைன்னு ஆகுமா?"

மக்களே, நான் டெஸ்ட் கேஸ் எழுதிச் சம்பாதிக்கிறவன். ஒரே ஒரு டெஸ்ட் பாஸ் ஆனா மொத்த சிஸ்டமும் சரின்னு சொல்ற ஜூனியரை நான் விட்டுவைக்க மாட்டேன். அதையேதான் நான் என் தம்பிக்குப் பண்ணியிருந்தேன். அந்தப் பச்சைக் கட்டத்தை நம்பித்தான் சித்தி பாயசம் வெச்சாங்க. அதை நம்பித்தான் அவன் மூணு மாசமா ஜிம்ல வெயிட் தூக்கிட்டு இருந்தான்.

அன்னிக்கு சாயங்காலமே போன் பண்ணேன். ஜிம்ல இருந்தான். "இன்னிக்கு வேண்டாம்டா, கிளம்பு" என்றேன். ஏன்னு கேட்டான். என்னால முழுசா சொல்ல முடியலை.

என் எக்கோ நார்மல். நடுச்சுவர் 9 மில்லிமீட்டர். அவனுக்கு 18. பெரியவங்களுக்கு 15 வந்தாலே, வேற காரணம் இல்லாத பட்சத்துல, இந்த நோய்னு எடுத்துக்குவாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி வழியா முழு ஜீன் பேனல் எடுத்தாங்க. கிடைச்சது அதே ஜீன், வேற இடம். புரோட்டீன் பாதியில் அறுந்துபோற ஒரு மாற்றம். அந்த 25 எழுத்து அவன்கிட்ட பத்திரமாத்தான் இருக்கு. சித்திக்கு அந்த மாற்றம் இல்லை. அப்படின்னா பெரும்பாலும் சித்தப்பாகிட்ட இருந்துதான் வந்திருக்கணும். நாங்க ஆறு வருஷமா "ஹார்ட் அட்டாக்" என்று சொன்னது வேற ஒண்ணா இருந்திருக்கலாம்.

ஊரே பயப்படுற மாற்றம் என்கிட்ட இருக்கு, நான் நல்லா இருக்கேன். அது இல்லவே இல்லாத அவனுக்கு நோய். என் பாசிட்டிவ்வும் அவன் நெகட்டிவ்வும், ரெண்டுமே சரியான ரிசல்ட்தான். ரெண்டையும் நான் தப்பாப் படிச்சேன்.

இப்ப

தம்பிக்கு இப்ப பீட்டா பிளாக்கர் மாத்திரை. ஹோல்டர் மாட்டி இதயத் துடிப்பைப் பார்த்தாங்க, எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. மயக்கம் போட்டதுண்டா, அப்பா எப்படி இறந்தார், சுவர் எவ்வளவு தடிமன், எல்லாத்தையும் சேர்த்து வெச்சு, உடம்புக்குள்ள பொருத்துற டிஃபிப்ரிலேட்டர் வேணுமான்னு பேசிட்டு இருக்காங்க. துடிப்பு தாறுமாறானா அது ஷாக் கொடுத்துத் திரும்ப நேராக்கும். போட்டியா ஆடுற ஃபுட்பாலுக்கு இப்போதைக்கு லீவு. நடக்கிறான், மெதுவா சைக்கிள் ஓட்டுறான். அவன் கோபம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில வரும், எனக்குத்தான் போன் வரும். எடுத்துப் பேசுவேன்.

மருந்து உலகத்துலயும் வேலை நடக்குது. 2022இல் மவகாம்டென் என்கிற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைச்சுது. அது நேரா மயோசின் கைகள்ல கொஞ்சத்தை உட்கார வைக்கும். கட்டை போடுற ஆள் குறைஞ்ச தேருக்கு, வடம் பிடிக்கிறவங்களையே கொஞ்சம் குறைச்சு விடுற மாதிரி. ரத்தம் வெளியேற வழியில் தடிப்பு அடைக்கிற நோயாளிகளுக்குத்தான் அந்த அனுமதி, எல்லாருக்கும் இல்லை. தம்பிக்கு அந்த அடைப்பு இல்லை.

குடும்பத்துல இருக்கிற எழுத்துப்பிழை எதுன்னு தெரிஞ்சதுல ஒரு நன்மை இருக்கு. இனிமே மத்தவங்ககிட்ட அந்த ஒண்ணை மட்டும் தேடினா போதும். இங்க நெகட்டிவ்னு வந்தா அதுக்கு அர்த்தம் இருக்கு, ஏன்னா எதைத் தேடுறோம்னு தெரியும். அப்பாவுக்கு இல்லை, அதனால எனக்கும் இல்லை. அத்தைக்கு இல்லை. தம்பியோட தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறா. எக்கோ இப்போதைக்கு நார்மல். அவளுக்கு அது இருக்க வாய்ப்பு சரிபாதி. பிளட் சாம்பிள் போய் 12 நாள் ஆச்சு, ரிசல்ட் இன்னும் வரலை. வந்தா என்ன பண்ணணும்னு அவளுக்குத் தெரியும். பாசிட்டிவ்னா வருஷா வருஷம் எக்கோ, கூடவே கவனம். நோய் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. இந்த தடவை ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அவளை உட்கார வெச்சு டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினாங்க. என் கிட்டுக்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசமே அந்த முக்கால் மணி நேரம்தான்.

நான் டாக்டர் இல்லை. ஆனா இந்த எபிசோடை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி, இன்னிக்கு ராத்திரி வீட்டில் அம்மா அப்பாகிட்ட இதைக் கேளுங்க. நம்ம வீட்டில் யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தவங்க உண்டா? "இதயம் பெருசாயிடுச்சு", "இதயம் தடிச்சுப்போச்சு" என்று யாருக்காவது எப்பவாவது சொன்னாங்களா? ஆமான்னு பதில் வந்தா, கிட் வாங்காதீங்க. ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ. ஊசி இல்லை, ரேடியேஷன் இல்லை, கொஞ்சம் ஜெல் தடவுவாங்க, குளிரும், அவ்வளவுதான். அந்த ரிப்போர்ட்டோட ஒரு கார்டியாலஜிஸ்ட். ஜீன் டெஸ்ட் வேணுமா, எந்த டெஸ்ட், குடும்பத்துல யாருக்கு முதல்ல என்று அவங்க சொல்லட்டும். நோய் இருக்கிறவர்கிட்ட தொடங்கணும். நான் தலைகீழா என்கிட்ட இருந்து தொடங்கினேன்.

என்னை மாதிரி சிவப்புக் கட்டம் வந்தவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா: உங்களை மாதிரி கோடிக்கணக்கான பேர் இருக்கோம். ஒரு தடவை எக்கோ பார்த்துக்கோங்க, பி.பி.யைக் கட்டுக்குள்ள வெச்சுக்கோங்க, நிம்மதியா தூங்குங்க. நெஞ்சுல கை வெச்சு எண்ணாதீங்க. நான் எண்ணிப் பார்த்துட்டேன், பிரயோஜனம் இல்லை.

போன வாரம் திருவாரூர் போயிருந்தோம். தம்பியும் வந்தான். தேர் நிலையில் நின்னுட்டு இருந்துச்சு, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து. தம்பி குனிஞ்சு அந்தக் கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "என்கிட்ட இதுல பாதிதான் இருக்கு, இல்லண்ணா?" என்றான். ஆமாடான்னு சொன்னேன். "அப்ப மெதுவா இழுத்தா போச்சு" என்றான்.

ரிசல்ட் வந்ததும் சொல்றேன். அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே. வீட்டில் கேட்க மறந்துடாதீங்க.